ஒதுக்கிய மல்லாட்டை எங்கே போகிறது?

போன தை மாதம் ஊரிலிருந்து அம்மா ஒரு மூட்டை மல்லாட்டைப் பயிறு அனுப்பி வைத்தார். சரியாக 50 கிலோ. அதிலிருந்து கால் கிலோ எடுத்து ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து மின்னஞ்சலில் அறிக்கை வந்தது. 'அஃப்ளாடாக்சின்: கண்டறியப்படவில்லை'. மனைவியிடம் காட்டினேன். மகளுக்குக் கடலை உருண்டை பிடிக்க அன்றைக்கே வெல்லம் வாங்கினோம்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. மென்பொருள் வேலையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு 'எல்லா டெஸ்டும் பாஸ்' என்று யாராவது சொன்னால் உடனே வரும் சந்தேகம் ஒன்று உண்டு. என்ன டெஸ்ட் எழுதினீர்கள்? எதைச் சோதித்தீர்கள்? எழுந்து உட்கார்ந்து ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு என்னை அறுபது வருஷ வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. கணக்கைப் பாதியில் சொல்கிறேன்.

முதலில் பெயர் விஷயம். எங்கள் பக்கம், அதாவது திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வட்டாரத்தில், நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பது வாயில் உருண்டு உருண்டு அப்படி ஆகிவிட்டது. 'கமிட்டி' என்று நாங்கள் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இன்றைக்கும் விலைப்பட்டியலில் 'மணிலா' என்றுதான் எழுதுவார்கள். தோல் நீக்கிய பருப்புக்குப் பயிறு என்று பெயர். இனி மல்லாட்டை, நிலக்கடலை, பயிறு, பருப்பு என்று கலந்து கட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வான்கோழிகள் செத்த வருஷம்

1960. இங்கிலாந்தின் தெற்கு, கிழக்குப் பகுதிப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் சாக ஆரம்பித்தன. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கு மேல். கிருமி எதுவும் அகப்படவில்லை. காரணம் தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். பிறகு வாத்துக்குஞ்சுகளும் செத்தன. அறுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஈரல்தான் கெட்டிருந்தது.

செத்த பறவைகள் தின்ற தீவனத்தில் பொதுவாக இருந்தது ஒரே ஒரு சரக்கு. பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு. அந்தக் கப்பலின் பெயரை வைத்து 'ரோசெட்டி மீல்' என்றே அதைக் குறிப்பிட்டார்கள். எண்ணெயைப் பிழிந்துவிட்டு மிஞ்சியது என்பதை மட்டும் இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை புண்ணாக்கில்தான் தொடங்குகிறது. எனக்குத் தெரிந்தவரை இன்னும் புண்ணாக்கில்தான் நிற்கிறது.

லண்டனில் இருந்த வெப்பமண்டலப் பொருள்கள் ஆய்வு நிறுவனமும் வேபிரிட்ஜில் இருந்த கால்நடை ஆய்வகமும் சேர்ந்து தேடின. புண்ணாக்கிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்து, பிறந்து ஒரு நாளே ஆன வாத்துக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சின் ஈரலில் பித்தநாளச் செல்கள் தாறுமாறாகப் பெருகினால் சரக்கில் நஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். உலகின் முதல் அஃப்ளாடாக்சின் 'சென்சார்' ஒரு வாத்துக்குஞ்சு. ஒரு சோதனைக்குப் பல நாட்கள், பல குஞ்சுகள்.

1961-ல் ஆசாமி பிடிபட்டான். அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்கிற பூஞ்சை. மழையில் நனைந்த மல்லாட்டையில் மஞ்சள் கலந்த பச்சையாகப் படிகிறதே, நாம் 'பூசணம்' என்று சொல்லி ஊதிவிட்டு வாயில் போடுவோமே, அதேதான். அஸ்பெர்ஜில்லஸில் ஒரு 'அ', ஃபிளேவஸில் ஒரு 'ஃப்ளா', கூடவே நஞ்சைக் குறிக்கும் 'டாக்சின்' சேர்ந்து அஃப்ளாடாக்சின் ஆயிற்று.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கண்ணாடித் தட்டில் சிலிக்கா பூசி, சாற்றைச் சொட்டாக வைத்து, கரைப்பான் ஏறவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினார்கள். சில புள்ளிகள் நீலமாக ஒளிர்ந்தன, சில பச்சையாக. நீலத்துக்கு ஆங்கிலத்தில் முதலெழுத்து பி, பச்சைக்கு ஜி. எனவே பி1, பி2, ஜி1, ஜி2. இன்றைக்கும் உலகம் முழுக்க அறிக்கைகளில் இருக்கும் பெயர்கள் அந்த இருட்டறையில் கண்ணுக்குத் தெரிந்த நிறங்கள்தான். பின்னால் எம்1 என்று ஒன்று சேர்ந்தது. எம் என்றால் மில்க், பால். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வாத்துக்குஞ்சிலிருந்து பட்டைக் காகிதம் வரை

அதற்குப் பிறகு கருவிகள் வளர்ந்த வேகம் நம்முடைய துறைக்குச் சளைத்ததில்லை. தட்டில் புள்ளி பார்த்த காலம் போய் திரவக் குரோமட்டோகிராபி வந்தது. 1970-களின் பிற்பகுதியில் எதிர்ப்புரதங்களை வைத்துச் சோதிக்கும் எலைசா முறைகள் வந்தன. ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம், வளரும் நாடுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் எலைசா சோதனையை உருவாக்கியது. இப்போது கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரியே, சாற்றைச் சொட்டினால் கோடு விழும் பட்டைகள் கிடைக்கின்றன. சில நிமிட வேலை. பெரிய ஆய்வகங்களில் நிறை நிறமாலைமானி இருக்கிறது. ஒரு கிலோ உணவில் ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே அது பார்த்துவிடும். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அவ்வளவு நுணுக்கம் எதற்கு? பி1 அத்தனை மோசமான பொருள். ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். 1987-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சின்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. சமைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். பி1 உருகவே 260 டிகிரிக்கு மேல் வேண்டும். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது.

புற்றுநோய் மெதுவாக வரும். அளவு அதிகமானால் நாள் கணக்கிலேயே கதை முடிந்துவிடும். 1974 அறுவடை நேரத்தில் பெய்த மழையில் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டங்களில் மக்காச்சோளம் பூசணம் பிடித்தது. வேறு தானியம் இல்லாத பழங்குடிக் குடும்பங்கள் அதையே சாப்பிட்டன. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வின்படி நோயுற்றவர்கள் 397 பேர், இறந்தவர்கள் 106 பேர். அந்த வீடுகளில் அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களும் செத்தன. 2004-ல் கென்யாவில் இதே கதை. மறுபடி மக்காச்சோளம், 317 பேர் பாதிப்பு, 125 பேர் சாவு. 1974-க்கும் 2004-க்கும் நடுவில் கருவிகள் எங்கோ போய்விட்டன. செத்தவர்களுடைய குதிருக்குள் ஒரு கருவியும் எட்டிப் பார்க்கவில்லை.

என் கணக்கு

இப்போது அந்த ராத்திரிக் கணக்கு.

அஃப்ளாடாக்சின், பாலில் கலந்த தண்ணீர் மாதிரி சீராகப் பரவி இருக்காது. ஒரு மூட்டையில் ஆயிரக்கணக்கான பருப்புகள் சுத்தமாக இருக்கும். ஏதோ ஒன்றிரண்டு பருப்பில் பூஞ்சை குடியேறி மொத்த நஞ்சையும் அதிலேயே குவித்து வைத்திருக்கும். 1966-ல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பருப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, மிக மோசமானவற்றில் கிலோவுக்குப் பத்து லட்சம் மைக்ரோகிராமைத் தாண்டிய அளவுகூட இருந்தது.

அப்படி ஒரு பருப்பை எடுத்துக்கொள்வோம். எடை அரை கிராம். அதில் இருக்கும் நஞ்சு 500 மைக்ரோகிராம். அதை என் 50 கிலோ மூட்டையில் போட்டு மொத்தத்தையும் அரைத்தால் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு இந்தியாவில் இருக்கும் வரம்பு சரியாக அதே 10. அதாவது சுமார் ஒரு லட்சம் பருப்பில் ஒரே ஒரு பருப்பு போதும், மூட்டை முழுவதையும் வரம்பில் கொண்டுபோய் நிறுத்த.

நான் கொடுத்தது கால் கிலோ. மூட்டையில் 200-ல் ஒரு பங்கு. அந்த ஒரு பருப்பு என் கைக்கு வர வாய்ப்பும் 200-ல் ஒன்று. 200 பேர் இதே மாதிரி கால் கிலோ கொண்டுபோனால் 199 பேருக்குக் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் வரும். மீதி ஒருவருக்கு வரம்பைப்போல் 200 மடங்கு என்று வந்து பதறிப்போவார். ஆய்வகம் தப்பு செய்யவில்லை. கருவி தப்பு செய்யவில்லை. 200 அறிக்கையும் உண்மை. ஆனால் ஒன்றுகூட என் மூட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

இது எனக்கு மட்டும் வந்த ஞானோதயம் இல்லை. அமெரிக்காவில் தாமஸ் விட்டேகர் என்கிற ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இந்த ஒரு பிரச்சினையையே படித்தார். மாதிரி எடுப்பது, அரைப்பது, சோதிப்பது என்ற மூன்று படிகளில் பிழை பெரும்பாலும் முதல் படியில்தான் என்று காட்டினார். அதனால்தான் அமெரிக்காவில் கடலைச் சரக்குக்குத் தலா 21.8 கிலோ வீதம் மூன்று மாதிரி வரை எடுக்கிறார்கள். அத்தனையும் அரைத்துக் கலக்கிய பிறகுதான் கொஞ்சம் எடுத்துக் கருவிக்குள் விடுகிறார்கள். கோடிக்கணக்கில் விலை போகும் கருவியைவிட அந்த அரவை இயந்திரமும் சாக்கில் குத்தி எடுக்கிற பொறுமையும் முக்கியம்.

எடுத்து எறிவது எப்படி?

நஞ்சு ஒன்றிரண்டு பருப்பில் குவிந்திருப்பது சோதிப்பவருக்குச் சாபம், நீக்குபவருக்கு வரம். அந்த ஒன்றிரண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டால் சரக்கு சுத்தம். எங்கள் ஆயா செய்ததும் அதுதான். முறத்தில் பயிறைப் பரப்பி, சுருங்கினது, கருத்தது, முளை விட்டது, பூசணம் பூத்தது எல்லாவற்றையும் ஒதுக்குவார். ஒரு வார்த்தை வேதியியல் தெரியாது.

பெரிய ஆலைகள் செய்வதும் அதேதான், வேகமாக. பருப்பின் சிவப்புத் தோலை நீக்கி, கேமராவுக்கு முன்னால் ஓடவிடுகிறார்கள். நிறம் மாறின பருப்பு வந்தால் காற்றுக்குழல் 'புஸ்' என்று ஊதித் தள்ளிவிடும். அரிசி மில்லில் கலர் சார்ட்டர் என்கிறோமே, அதே வகை இயந்திரம். அகச்சிவப்பு அலைவரிசைகளையும் சேர்த்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கேட்டையும் பிடிக்க முயல்கிற கேமராக்கள் இப்போது வருகின்றன. எத்தனை தொழில்நுட்பம் வந்தாலும், மல்லாட்டையில் நஞ்சைக் குறைக்கும் நம்பகமான வழிகளில் முதல் இடம் இந்தப் பொறுக்குதலுக்குத்தான்.

வேதியியல் வழிகளும் உண்டு. எண்ணெயைக் காரம் சேர்த்துச் சுத்திகரித்து, பிறகு வெளுக்கும் மண்ணால் வடித்தால் நஞ்சு கிட்டத்தட்ட முழுதும் போய்விடும். புண்ணாக்கை அழுத்தத்திலும் வெப்பத்திலும் அம்மோனியாவோடு சேர்த்து வைத்தால் பி1 மூலக்கூறின் ஒரு வளையம் திறந்து உருக்குலையும். பிரான்ஸ், செனகல், அமெரிக்காவின் அரிசோனா போன்ற இடங்களில் தீவனத்துக்கு இதைச் செய்திருக்கிறார்கள். மாட்டின் வயிற்றுக்குள்ளேயே நஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் ஒருவகைக் களிமண்ணை டெக்சாஸில் 1980-களில் ஆராய்ந்தார்கள். இன்றைக்குத் தீவனத்தில் அது ஒரு பெரிய வியாபாரம்.

நம்ம ஊர் வழியும் ஒன்று இருக்கிறது. மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களில் கடலை எண்ணெயை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். அஃப்ளாடாக்சின் ஒளியில் சிதைந்தது. புண்ணாக்கு மாவிலும் செய்து பார்த்தார்கள். வெளிச்சம் உள்ளே ஊடுருவாததால் ஒரு பகுதிதான் குறைந்தது. செக்கில் ஆட்டிய எண்ணெயை ஆயா அகலப் பாத்திரத்தில் ஊற்றி, மேலே வெள்ளைத் துணி கட்டி, மொட்டை மாடி வெயிலில் தெளிய வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. உடனே 'முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை' என்று கிளம்பிவிடாதீர்கள். ஆயா வைத்தது கசடு அடியில் இறங்குவதற்கு. அதே ஆயாதான் தோல் உடைக்க வசதியாக இருக்கும் என்று மல்லாட்டை மேல் தண்ணீர் தெளித்துச் சாக்கு போட்டு மூடி வைப்பார். பூஞ்சைக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

ஒதுக்கினது எங்கே போச்சு?

இதுவரை படித்ததில் எங்கேயும் ஒரு கேள்விக்கு நேரான பதில் இல்லை. பொறுக்கிய பருப்பு எங்கே போகிறது?

அமெரிக்க முறையில் இதற்கு எழுத்திலேயே பதில் இருக்கிறது. கொள்முதல் இடத்தில் பருப்பில் அந்தப் பூஞ்சை கண்ணில் பட்டால், அந்தச் சரக்கு மூன்றாம் பிரிவு. உணவுக்குப் போகாது, எண்ணெய் ஆட்டப் போகும். எங்கள் வீட்டிலும் அதேதான், எழுத்தில் இல்லை, அவ்வளவுதான். முறத்தில் ஒதுக்கியது ஒரு டப்பாவில் சேரும். டப்பா நிறைந்ததும் செக்குக்குப் போகும். 'எண்ணெய்க்குத்தானே' என்பார் ஆயா.

ஆட்டும்போது நஞ்சு இரண்டாகப் பிரிகிறது. கொஞ்சம் எண்ணெயோடு வரும். பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கு மாட்டுக்கு. 1963-ல் வேபிரிட்ஜில் ஆல்கிராஃப்டும் கார்னகனும் நஞ்சுள்ள புண்ணாக்கைப் பசுவுக்குக் கொடுத்து, கறந்த பாலின் சாற்றை வாத்துக்குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சின் ஈரல் கெட்டது. பசு தின்ற பி1-இல் ஒரு பங்கை அதன் உடம்பு மாற்றிப் பாலில் விடுகிறது. அதுதான் எம்1. பொதுவாக 1 முதல் 2 சதவீதம், கறவை அதிகமான மாட்டில் இன்னும் கூடும்.

மறுபடி கணக்கு. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் பி1 உள்ள புண்ணாக்கை ஒரு பசு நாளைக்கு 2 கிலோ தின்றால் 400 மைக்ரோகிராம். அதில் 1 முதல் 2 சதவீதம் என்றால் 4 முதல் 8 மைக்ரோகிராம் பாலில். எட்டு லிட்டர் கறந்தால் லிட்டருக்கு அரையிலிருந்து ஒரு மைக்ரோகிராம். இந்தியாவில் பாலுக்கு வரம்பு கிலோவுக்கு 0.5. ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.05.

'சும்மா காகிதக் கணக்கு' என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிஜக் கணக்கு. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அடுத்த ஆண்டு முடிவு வெளியானது. நாம் பயந்துகொண்டிருந்த கலப்படத்தால் உண்பதற்குத் தகாதவை என்று ஆனது வெறும் 12. அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியவை 368. மாநிலங்களில் முதலிடம் நமக்கு. தமிழ்நாட்டில் 551 மாதிரிகளில் 88. கிட்டத்தட்ட ஆறில் ஒன்று. காரணம் தீவனம் என்று ஆணையமே சொன்னது.

பாலில் தண்ணீர் கலந்த பால்காரரைத் திட்டிக்கொண்டே வளர்ந்த தலைமுறை நாம். இதில் திட்டுவதற்கு ஆள் இல்லை. விவசாயி, வியாபாரி, செக்குக்காரர், மாடு வைத்திருப்பவர் என்று யாரும் எதையும் கலக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் கையில் இருந்த சரக்கைச் சுத்தம் செய்து, ஒதுக்கியதை வீணாக்காமல் அடுத்தவருக்கு விற்றிருக்கிறார்கள். கடைசியில் இருப்பவர் குழந்தைக்குப் பால் காய்ச்சுகிறவர்.

இதில் குழந்தைகள் மாட்டுவது புதிதும் இல்லை. 1960-களில் புரதப் பற்றாக்குறையைப் போக்க நிலக்கடலை மாவைத்தான் நாடு நம்பியது. மைசூர் நிலையம் உருவாக்கிய 'பல்நோக்கு உணவு' நிலக்கடலை மாவும் கடலை மாவும் சேர்ந்தது. 1966-ல் ஐ.நா. அமைப்புகளின் புரத ஆலோசனைக் குழு இப்படிப்பட்ட மாவுக்கு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்றது. அதற்குமேல் இறுக்கினால் பசித்த குழந்தைக்குப் புரதமே கிடைக்காது என்பது அவர்கள் சொன்ன நியாயம். நம் சட்டத்திலும் 30 என்பது ரொம்ப காலம் இருந்தது. 1971-ல் மைசூரிலிருந்து ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. ஊட்டச்சத்துக் குறைவால் சேர்க்கப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சையாகக் கொடுத்த கடலை மாவில் கிலோவுக்கு 300 மைக்ரோகிராம் அஃப்ளாடாக்சின் இருந்தது. அந்தக் குழந்தைகளில் ஈரல் சுருக்க நோய் காணப்பட்டது. எண்ணெய் பிழிந்து மிஞ்சிய மாவு, இந்த முறை மருந்து என்ற பெயரில்.

இன்றைக்கு ஐரோப்பா நேரடியாகச் சாப்பிடும் கடலையில் மொத்தம் 4 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. நம்முடைய வரம்பு 10. ஏற்றுமதிக்குப் போகும் சரக்கு நன்றாகப் பொறுக்கப்படுகிறது, பெரிய மாதிரி எடுத்துச் சோதிக்கப்படுகிறது. மகிழ்ச்சி. கப்பல் ஏறாதது எங்கே போகும்? கடல் தாண்டிப் போகாது என்பது மட்டும் நிச்சயம்.

அப்போ என்னதான் செய்வது?

எனக்குத் தோன்றுவது இது. நஞ்சை ஒரு உணவிலிருந்து நீக்குவது வேறு, உலகத்திலிருந்து நீக்குவது வேறு. பொறுக்குவது முதல் வகை. அது இடத்தை மாற்றும், அழிக்காது. அழிக்க வேண்டுமானால் அம்மோனியா மாதிரி செலவு பிடிக்கும் வேலை வேண்டும், இல்லையென்றால் முதலிலேயே வரவிடாமல் தடுக்க வேண்டும்.

தடுப்பதில் நல்ல செய்தி உண்டு. அதே பூஞ்சையில் நஞ்சு செய்யத் தெரியாத ரகங்கள் இருக்கின்றன. அவற்றைத் தானியத்தில் ஏற்றி வயலில் தூவினால், நல்லவன் இடத்தைப் பிடித்துக்கொள்வான், கெட்டவனுக்கு இடம் இருக்காது. அமெரிக்காவில் 2004 முதல் கடலைக்கு இது அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவில் அஃப்ளாசேஃப் என்ற பெயரில் பல நாடுகளில் பரவியிருக்கிறது. மற்றதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். காய் முற்றும் நேரத்தில் செடியை வாடவிடாமல் ஒரு தண்ணீர். பிடுங்கியதைக் காய் மேலே பார்க்கக் கவிழ்த்துப் போடுவது. குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் கேட்கும்வரை காய்ச்சல். உடைக்கத் தண்ணீர் தெளிக்காமல் இருப்பது.

கணக்கெல்லாம் போட்ட மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ம்மா, எனக்கு அனுப்பினியே, அந்தப் பயிறுல ஒதுக்கினதை என்ன பண்ண?"

"என்னாடா கேள்வி இது? செக்குலதான் போட்டேன். ஐப்பசி மழையில நனைஞ்சது, ரொம்பவே ஒதுக்க வேண்டியதாப் போச்சு. ஒனக்கு நல்லதாப் பாத்துப் பொறுக்கித்தான் அனுப்புனேன்."

"புண்ணாக்கு?"

"அண்ணன் மாட்டுக்கு."

அண்ணன் வீட்டில் நாலு வயதில் ஒரு பையன் இருக்கிறான். காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் பால்.

எனக்குச் சுத்தமான பயிறு வந்ததற்குக் காரணம் பரிசோதனைக் கூடம் இல்லை, அம்மாவின் முறம். அந்த முறத்திலிருந்து விழுந்தது அவனுக்குப் போயிருக்கிறது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ரொம்ப நேரம் சுற்றி வளைத்தேன். ஒரு வழியாகச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப அதைக் கொட்டிடணுமா? அத்தனையும் காசாச்சேடா" என்றார்.

அந்தக் கேள்விக்கு எந்தக் கருவியிலும் பதில் இல்லை. ஒதுக்கியதை அழிப்பவருக்கு நஷ்டம், அடுத்தவருக்கு விற்பவருக்கு லாபம் என்று இருக்கும்வரை நஞ்சு கைமாறிக்கொண்டேதான் இருக்கும். கமிட்டியில் கெட்ட சரக்கைத் தனியாக ஒரு விலைக்கு வாங்கி அழிக்க ஏற்பாடு இருந்தால், அது இன்னொரு புதுக் கருவியைவிட அதிகப் பேரைக் காப்பாற்றும் என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் எங்கள் வீட்டு அளவில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒதுக்கியதை எடை போட்டு அம்மா எனக்குச் சொல்வார், எண்ணெய்க் கடலை விலைக்கு நான் பணம் அனுப்பிவிடுவேன், அவர் அதைக் குழியில் போட்டுக் கொளுத்திவிட வேண்டும். முதல் தவணை இரண்டே முக்கால் கிலோ.

அண்ணனிடம் புண்ணாக்கை நிறுத்தச் சொல்லியாயிற்று. பையனுடைய பாலைச் சோதிக்க ஒரு பட்டைப் பெட்டிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். பாலுக்கு மாதிரிப் பிரச்சினை கிடையாது, எல்லாம் கலந்துதான் இருக்கும். அங்கே கருவி சொல்வதை நம்பலாம்.